ஆலய இசையில் கிளாரினெட்: மரக்கருவியும் அதைப் பேணும் முறையும் – ஒரு வரலாற்று நோக்கு

திருவிழா மலர் என்றால் தலவரலாறு, விரத மகிமை, திருமுறைச் சிறப்பு ஆகியன இடம்பெறுவது மரபு. சுவாமி புறப்பாட்டின்போது முன்னே ஒலித்துச் செல்லும் மங்கல வாத்தியங்களின் பெருமையையும் நாம் பலகாலும் பேசுகின்றோம். ஆனால் இசை ஓய்ந்த பின்னர், கூட்டம் கலைந்த பின்னர், அந்த வாத்தியங்கள் என்ன ஆகின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

ஊதுகருவி ஒன்று மரத்தால் ஆயது. மனிதனின் மூச்சால் உயிர்பெறுவது. அந்த மூச்சில் இருக்கும் ஈரமே அதன் பகையும் ஆகும். நாதசுரத்திற்கும் இது பொருந்தும்; நாதசுரத்தோடு தோளுரசி நின்ற கிளாரினெட்டிற்கு இது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். மேலைநாட்டில் பிறந்து, தஞ்சைத் தரணிக்கு வந்து, தமிழிசைக்குத் தொண்டாற்றிய அந்த மரக்கருவியின் வரலாற்றையும், அதனைப் பேணும் முறையையும், குறிப்பாக நம் போன்ற குளிர்மலைப் பகுதியில் பேணவேண்டிய முறையையும் இக்கட்டுரையில் இயன்ற அளவு எடுத்துரைக்க விழைகின்றேன்.

மலையேறிய மக்களும் மங்கல இசையும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆய்ந்து குறிப்பெழுதினார். அவர் பெயராலேயே இது கேமரன் மலை என வழங்கலாயிற்று. 1929ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். காடழித்து, சரிவு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்து இம்மலையைப் பசுமையாக்கிய கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகளே என்பது நாம் அறிந்த வரலாறு.

அம்மக்கள் எங்குக் குடியேறினாலும் முதலில் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டு வழிபட்டனர். தப்பும் உடுக்கையும் அவர்களோடு வந்தன. வாய்ப்பும் வசதியும் கூடிய பின்னரே நாதசுரமும் தவிலும் தோட்டத்துக் கோயில்களுக்கு வந்தன. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு மலாயாவிற்கு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் தாயகத்திலிருந்து ஆள் வருவது பெரிதும் குறைந்தது. கருவி பழுதுபட்டால் சரிசெய்து தரும் ஆசாரியோ கடலுக்கு அப்பால் இருந்தார். எனவே கையில் இருப்பதைக் கெடாமல் காப்பது ஒன்றே வழி என்னும் நிலை நம் முன்னோர்க்கு ஏற்பட்டது. பேணுதல் என்பது அவர்களுக்கு அழகுக்காகச் செய்யும் செயலன்று. கருவி இருக்குமா இராதா என்னும் வினாவே அதில் அடங்கியிருந்தது.

மரத்தைப் பற்றித் தமிழர் அறிந்தவை

ஊதுகருவிக்கு உரிய மரத்தைப் பற்றிய அறிவு தமிழர்க்கு நேற்று வந்ததன்று. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதையில் குழலின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தையும் குழல் செய்தற்குரியன என்று அவர் காட்டுகின்றார். அத்துடன் அமையாது, மிக இளமையும் மிக முதிர்ச்சியும் இல்லாத மரத்தைத் தேர்ந்து வெட்டி, நிழலில் உலரவிட்டு, அது முறுக்கிக் கொள்ளாமலும் பிளவுபடாமலும் இருக்கின்றதா என்று ஓராண்டு பார்த்த பின்னரே குழல் செய்ய வேண்டும் என்னும் கருத்தையும் அவர் உரையில் காண்கின்றோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் இவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தமையால் இச்செய்தி நமக்குக் கிட்டிற்று.

ஓராண்டுக் காலம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்று ஏன் கூறினர்? மரத்தினுள் இருக்கும் நீர் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். விரைந்து உலர்ந்தால் வெளிப்புறம் சுருங்கும், உட்புறம் சுருங்காது, மரம் பிளக்கும். இந்த உண்மையை இன்றைய மர அறிவியலும் ஏற்கின்றது. நாதசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் ஆச்சா மரத்தையே பெரிதும் கையாளுகின்றனர். அதிலும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்திரம் ஆகியவற்றைத் தேடி வாங்குகின்றனர். பல்லாண்டுக் காலம் கூரையின் கீழ் நிழலில் உலர்ந்து, இனிச் சுருங்குவதற்கு இடமில்லாத மரம் அது. நரசிங்கம்பேட்டை நாதசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றமை நமக்கெல்லாம் பெருமை தருவதாகும்.

நூரம்பர்க்கிலிருந்து தஞ்சைக்கு

கிளாரினெட் பிறந்த இடம் ஜெர்மனி நாட்டின் நூரம்பர்க் நகரம். ஏறத்தாழ 1700ஆம் ஆண்டளவில் யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்னும் கருவி வினைஞர், ஷாலுமோ என்னும் எளிய நாணல் குழலுக்குச் சாவிகளைப் பொருத்தி இதனை உருவாக்கினார் என்பர். 1812இல் ஈவான் முல்லர் என்பார் பதின்மூன்று சாவிகள் கொண்ட கிளாரினெட்டைப் பாரிஸ் நகரில் அறிமுகப்படுத்தினார். பின்னர் யாசிந்த் குளோசே என்னும் வாத்தியக் கலைஞரும் பஃபே என்னும் கருவி வினைஞரும் சேர்ந்து அமைத்த புதிய சாவி முறைக்கு 1844இல் காப்புரிமை கிடைத்தது. உலகில் இன்று பெருவழக்கில் உள்ளது இம்முறையே.

தொடக்கக் காலக் கிளாரினெட்டுகள் பாக்ஸ்வுட் என்னும் மஞ்சள் நிற மரத்தால் செய்யப்பட்டன. பின்னர் ஆப்பிரிக்கக் கருமரம் அந்த இடத்தைப் பிடித்தது. தான்சானியா, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் வளரும் இம்மரம் நம் ஈட்டி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீரில் இட்டால் மிதக்காது, மூழ்கிவிடும், அவ்வளவு செறிவுடையது. ஊதுமுனையில் பொருத்தப்படும் நாணல் தகடு, தென் பிரான்சில் விளையும் ஒருவகைப் பெருநாணலிலிருந்து சீவி எடுக்கப்படுகின்றது. நாதசுரத்தின் சீவாளி இரட்டை நாணல். கிளாரினெட்டின் தகடு ஒற்றை நாணல். நாதசுரத்தின் உட்துளை மேலே குறுகிக் கீழே விரிவது; கிளாரினெட்டின் உட்துளை பெரும்பாலும் ஒரே அளவினது. இவ்வேறுபாட்டினாலேயே, அழுத்தி ஊதும்போது நாதசுரம் எட்டாம் சுரத்திற்குத் தாவுகின்றது. கிளாரினெட்டோ பன்னிரண்டாம் சுரத்திற்குத் தாவுகின்றது. நாதசுரம் பயின்றவர் கிளாரினெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் திகைப்பது இவ்விடத்தில்தான்.

தஞ்சை மராட்டிய அரசவையில் மேலைநாட்டு இசைக்கு இடமிருந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் அங்கு மேலைநாட்டு வாத்தியக் குழுவும் இருந்தது. அந்தச் சூழலில்தான் வயலின் நம் இசைக்குள் நுழைந்தது. கிளாரினெட்டை 1860ஆம் ஆண்டளவில் நாட்டியக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்று இசை வரலாற்றாசிரியர் கூறுவர்.

சதிர்க் கச்சேரியில் பெற்ற இடமும் இழந்த இடமும்

அக்காலத்தில் சதிர் எனப்பட்ட நாட்டியத்தில், நட்டுவனார் தாளம் தட்ட, மிருதங்கக்காரர் இடுப்பில் மிருதங்கத்தைக் கட்டிக்கொள்ள, முகவீணையும் துருத்தியும் ஒலிக்க, அனைவரும் ஆடுவாரின் பின்னே நின்றபடியே வாசிப்பர். ஆடுவார் முன்னே வந்தால் அவர்களும் முன்னே வருவர். பின்னே சென்றால் அவர்களும் பின்னே செல்வர். முகவீணை என்பது நாதசுரத்தின் சிறிய வடிவம். அதன் ஓசை கூர்மையானது. அதே வாசிப்பைக் கிளாரினெட் மென்மையாகவும், தாழ்ந்த சுருதியிலும், பெண் குரலோடு ஒட்டியும் தந்தது. எனவே முகவீணையின் இடத்தைக் கிளாரினெட் பெற்றது. சின்னமேளம் என்னும் அக்குழுவின் இன்றியமையா அங்கமாக அது பல பத்தாண்டுகள் விளங்கிற்று.

1932இல் சென்னை மியூசிக் அகாதெமி சதிருக்குப் பரதநாட்டியம் என்னும் பெயரை ஏற்றது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நாட்டியம் கோயிலையும் மரபுக் குடும்பங்களையும் விட்டு மேடைக்குப் பெயர்ந்தது. வாத்தியக்காரர்கள் மேடையின் ஒரு புறம் அமர்ந்தனர். கிளாரினெட்டின் இடத்தில் புல்லாங்குழல் வந்து அமர்ந்தது. பாலசரசுவதி அம்மையார் (1918–1984) போன்ற மரபு வழுவாக் கலைஞர்களின் குழுவில் மட்டும் கிளாரினெட் நெடுங்காலம் நிலைத்திருந்தது. எஞ்சிய கலைஞர் பலர் திருமண ஊர்வலங்களிலும் பேண்டு வாத்தியக் குழுக்களிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டனர். ஒரு கருவியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமற் போயிற்று. வரலாற்றில் பல நல்ல பொருள்கள் மறைந்தது இவ்வாறுதான்.

கிளாரினெட் எவரெஸ்ட்

இவ்வாறு ஒதுங்கி நின்ற கருவியைத் தனிக்கச்சேரி மேடையின் நடுவே அமர்த்திய பெருமை, திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராஜன் அவர்களைச் சாரும். 1931இல் பிறந்த இவர் வாய்ப்பாட்டும் நாதசுரமும் முறையாகப் பயின்றவர். நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இவரது வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்து “கிளாரினெட் எவரெஸ்ட்” என்னும் பட்டத்தை வழங்கினார். 2008இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் இவரை நாடி வந்தன.

இதன் அருமையை உணர ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். கிளாரினெட்டின் சாவி, துளையை முற்றும் மூடும் அல்லது முற்றும் திறக்கும். நம் இசையின் உயிரான கமகமோ இரண்டு சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்வது. விரல் நுனியால் துளையைச் சிறிது சிறிதாக மூடியும் திறந்தும், உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் அந்த அசைவைக் கலைஞர் வருவிக்கின்றார். துளையின் விளிம்பில் சிறிது அழுக்குப் படிந்தாலும், தகடு சற்றே வளைந்தாலும், மரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்த அசைவு பிசகும். ஆதலின் கமகம் வாசிக்கும் கிளாரினெட்டுக்குப் பேணுதல் மேலைநாட்டாருக்கு வேண்டுவதைவிட நமக்குக் கூடுதலாகவே வேண்டும்.

மரம் ஏன் வெடிக்கின்றது?

நம் மலையின் இயல்பை இங்கு நினைவுகூர்வோம். இரவில் வெப்பம் 16 அல்லது 17 பாகைக்கு இறங்குவது இயல்பு. ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் சூழ்ந்திருக்கும். திருவிழா நாளில் இரவு எட்டு மணிக்குப் புறப்படும் இரதம் நள்ளிரவில் ஆலயம் திரும்புகின்றது என்று கொள்வோம். அந்நான்கு மணி நேரமும் கலைஞர் குளிர்க்காற்றில் நின்று வாசிக்கின்றார். அவர் மூச்சு வெதுவெதுப்பானது, ஈரமானது. அது குழலின் உட்சுவரில் பட்டு நீர்த்துளியாகின்றது. உட்புற மரம் சூடேறி, நீரை உறிஞ்சி, விரிகின்றது. வெளிப்புற மரமோ குளிர்ந்து இறுகி நிற்கின்றது. உள்ளிருந்து தள்ளும் விசைக்கு வெளிமரம் ஈடுகொடுக்க இயலாதபோது பிளக்கின்றது. கிளாரினெட்டின் மேற்பகுதியில், சிறு சாவித் துளைகள் நெருங்கியிருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வெடிப்புத் தோன்றும். அங்கு மூச்சின் வெப்பமும் மிகுதி. துளைகளால் மரத்தின் வலுவும் குறைவு.

தேயிலைத் தோட்டத்தில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காயவைத்து, ஈரம் அண்டாமல் பெட்டியில் அடைப்பது நம் தொழில். காய்ந்த தூள் ஈரக்காற்றை உறிஞ்சினால் மணம் போய்விடும் என்பதை நம் தாய்மார் நன்கறிவர். மரக்கருவியும் அவ்வாறே. அதற்கு உகந்த காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 60 வரை. நம் மலையில் அது 80ஐத் தாண்டுவது வழக்கம். ஆகவே இங்கு வைத்திருக்கும் கருவியில் மரம் ஊதுவதும், இணைப்புகள் இறுகிக் கழலாமற் போவதும், சாவியின் எஃகு வில்கள் துருப்பிடிப்பதும், மூடிகளின் அடியில் உள்ள தோல் அழுகுவதும், பெட்டியில் பூஞ்சை படர்வதும் மிகுதி. அதே கருவியைக் கோலாலம்பூரில் குளிர்சாதன மண்டபத்திற்கு எடுத்துச் சென்றால், அங்கு உலர்ந்த காற்றில் மரம் சுருங்கி, உலோக வளையங்கள் தளர்ந்து ஆடும். மேலும் கீழும் சென்றுவரும் கருவிக்கே இடர் மிகுதி.

ஒவ்வொரு வாசிப்பிற்குப் பின்னரும்

முதலாவது, வாசிப்பதற்கு முன் கருவியைச் சற்றே வெதுவெதுப்பாக்குதல் வேண்டும். இதன்பொருட்டு அடுப்பருகிலோ யாகக் குண்டத்தின் அருகிலோ வைத்தல் பெரும் தவறு. இரு கைகளாலும் மேற்பகுதியைச் சிறிது நேரம் பற்றியிருந்தாலே போதும்; மடியில் துணியால் சுற்றி வைத்திருந்தாலும் போதும். குளிர்ந்த மரத்தினுள் உடனே சூடான மூச்சைச் செலுத்தலாகாது. புதிய கருவியாயின் தொடக்க வாரங்களில் நாளொன்றுக்குக் கால் மணி அல்லது அரை மணி நேரமே வாசித்து, படிப்படியாக நேரத்தைக் கூட்டுதல் வேண்டும். அடியார்க்குநல்லார் கூறிய பொறுமை இங்கும் பொருந்துவது காண்க.

இரண்டாவது, வாசித்து முடித்தவுடன் நாணல் தகட்டைக் கழற்றி, மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றி, தட்டையான தகட்டு உறையில் வைத்தல் வேண்டும். ஊதுமுனையிலேயே விட்டுவைத்தால் தகடு வளையும், பூஞ்சை பிடிக்கும். ஊதுமுனையை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவலாம், கொதிநீர் ஆகாது. பெரும்பாலான ஊதுமுனைகள் எபோனைட் என்னும் கடின ரப்பரால் ஆனவை. சூடு பட்டால் அவை நிறம் மாறும், வடிவமும் மாறும். முனையின் அடியில் உள்ள தக்கையில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, உட்துளையைத் துடைத்தல். இதுவே தலையாய பணி. நூலின் நுனியில் சிறு பளுவைக் கட்டிய பருத்தித் துணியையோ பட்டுத் துணியையோ மணிபோல் விரிந்த கீழ்ப்பக்கத்திலிருந்து விட்டு மேலே மெல்ல இழுத்தல் வேண்டும். நன்கு துவைத்துப் பழகிய வேட்டித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. புதுத்துணி நீரை எளிதில் உறிஞ்சாது. துணி மடிந்து சுருண்டிருந்தால் மேற்பகுதியினுள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உலோகக் குழாயில் சிக்கிக்கொள்ளும். ஆதலால் விரித்துவிட்டே இழுத்தல் வேண்டும். சிக்கினால் வலிந்து இழுக்காமல் வந்த வழியே திருப்புதல் வேண்டும். பின்னர்ப் பகுதிகளைத் தனித்தனியே கழற்றி, இணைப்பு முனைகளில் தேங்கிய நீரையும் ஒற்றியெடுத்தல் வேண்டும். வெடிப்புக்குக் காரணமாகும் நீர் அங்குத்தான் மறைந்திருக்கும்.

நான்காவது, சாவிகளின் மேல் படிந்த வியர்வையையும் திருநீற்றுத் துகளையும் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். ஆலயத்தில் வாசிக்கும் கருவிக்கென்றே உள்ள தனிச் சிக்கல் இது. சாம்பிராணிப் புகையும் சூடத்தின் கரியும் திருநீறும் சாவி அச்சுகளில் உள்ள எண்ணெயோடு கலந்து களிபோல் இறுகிவிடும். பின்னர்ச் சாவி மெல்ல எழும்பும். விரைவான பிருகாக்கள் தடுமாறும்.

மாதந்தோறும் ஆண்டுதோறும்

தக்கை சுற்றிய இணைப்புகளுக்குத் தக்கைக் களிம்பை மிகச் சிறிதளவு தடவுதல் வேண்டும். இணைப்பு இறுகினால் சாவிகளைப் பற்றித் திருகலாகாது, சாவி வளைந்துவிடும். சாவி அச்சுகளுக்கு, பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஊசி முனையால் ஒரு துளி இயந்திர எண்ணெய் இடலாம். ஒட்டும் மூடிகளின் அடியில் மெல்லிய உறிஞ்சுதாளை வைத்து, சாவியை அழுத்தி, தாளைப் பிய்க்காமல் எடுத்தால் ஒட்டுந்தன்மை நீங்கும்.

மரத்திற்கு எண்ணெய் இடுதல் பற்றிப் பலருக்கு ஐயம் உண்டு. மரம் உலர்ந்து வெளிறித் தோன்றினால் மட்டும், ஆண்டுக்கு ஓரிரு முறை, வாதுமை எண்ணெயை உட்துளையில் மிக மெல்லியதாகப் பூசி, ஓரிரவு விட்டு, மீதியைத் துடைத்தெடுத்தல் போதும். மூடிகளில் எண்ணெய் படாமலிருக்க முன்னதாகவே அவற்றின் அடியில் தாள் செருகுதல் வேண்டும். நம் வீட்டில் எளிதில் கிடைப்பது என்பதற்காகத் தேங்காய் எண்ணெயைப் பூசலாகாது. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்பதை நம் மலையில் வாழும் எவரும் அறிவர். காலையில் போத்தலைத் திறந்தால் வெண்ணெய்போல் கட்டியிருக்கும். குழலினுள்ளும் அது அவ்வாறே கட்டியாகி, தூசியைப் பிடித்து, சுரத்தைக் கெடுக்கும்.

கருவிப் பெட்டியினுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதிகளை இட்டு, அவை ஈரமானதும் மாற்றுதல் நம் தட்பவெப்பத்திற்கு இன்றியமையாதது. துடைத்த ஈரத்துணியை அதே பெட்டியில் மடித்து வைக்கும் பழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். வெயில் வரும் நாளில் பெட்டியை மட்டும் திறந்து காயவைக்கலாம்; கருவியை வெயிலில் வைத்தல் கூடாது. மயிரிழை வெடிப்புத் தென்பட்டால் உடனே வாசிப்பை நிறுத்தி, தேர்ந்த வினைஞரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால், மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்தோ உலோக ஊசி பாய்ச்சியோ மரத்தைப் பிணைத்துவிட இயலும். துளை வரை ஓடிய வெடிப்பைச் சரிசெய்வது அரிது.

நாதசுரத்திற்கும் இதுவே நெறி

நாதசுரத்தில் சாவிகள் இல்லை. அதன் உளவு எனப்படும் குழலும் ஆச்சா மரத்தால் தடித்து அமைந்தது. ஆயினும் உள்ளே தங்கும் ஈரம் ஒன்றே. வாசித்தபின் உளவைத் துணியால் துடைத்தல், கெண்டையைக் கழற்றித் தூய்மை செய்தல், சீவாளிகளைக் காற்றாட வைத்தல், கருவியோடு தொங்கும் ஊசியால் சீவாளியின் வாயை மென்மையாகத் திறந்து துப்புரவு செய்தல் ஆகியன வித்துவான்கள் கடைப்பிடிக்கும் முறைகள். சுருதியைச் சரிசெய்யக் கீழ்த்துளைகளில் வைக்கும் மெழுகைக் குளிரும் வெப்பமும் மாறும் இடங்களில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுதலும் நன்று.

ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியுடன் கலந்து, நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாயனத்தை உருவாக்கியதையும் சுத்த மத்திமத்தைத் துல்லியமாக்கியதையும் இசையுலகம் போற்றுகின்றது. வாசிப்பவரும் வடிப்பவரும் ஒருவரையொருவர் மதித்துப் பழகியதன் விளைவு அது. கருவியை அறிந்தவரே கருவியை வளர்க்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆலயத்தார் கடமை

இதுகாறும் கூறியவற்றைக் கலைஞர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்களுக்கு அதைச் செய்ய நாம் இடமும் நேரமும் தருகின்றோமா என்பதே கேள்வி. இரதம் நிலைக்கு வந்ததும் தீபாராதனைக்கு வாசிக்கச் சொல்கின்றோம். அது முடிந்ததும் அன்னதானப் பந்திக்கு அழைக்கின்றோம். அதுவும் முடிந்ததும் வேன் காத்திருக்கின்றது என்கின்றோம். ஈரம் உலராத கருவி பெட்டிக்குள் போகின்றது. அடுத்த நாள் காலையில் வெடிப்பைக் கண்டு வருந்துபவர் அவர் ஒருவரே. அவருடைய பிழைப்பும், அவர் தந்தையார் விட்டுச்சென்ற செல்வமும் அந்த மரத்துண்டிலேயே இருக்கின்றன.

ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவு மங்கல இசையை முழங்கவிடுவது எளிது. பல இடங்களில் அதுவே வழக்கமாகியும் வருகின்றது. ஒலிப்பதிவிற்குக் குளிரில்லை, ஈரமில்லை, வெடிப்பில்லை. ஆனால் அதற்கு மூச்சும் இல்லை. சுவாமி திரும்பும் திசைக்கேற்ப ராகத்தை மாற்றவும், தீபாராதனை நீளும்போது வாசிப்பை நீட்டவும், பல்லக்குத் தூக்குவோர் களைத்தபோது ஊக்கமூட்டவும் உயிருள்ள கலைஞர் ஒருவரால் மட்டுமே இயலும்.

எனவே நிர்வாகக் குழுவினர்க்கும் அன்பர்களுக்கும் ஒரு சிறு விண்ணப்பம். திருவிழா நாள்களில் வாத்தியக்காரர்களுக்கென மழை படாத, காற்றடிக்காத அறை ஒன்றை ஒதுக்குவோம். அதில் ஒரு மேசையும், தூய பருத்தித் துணியும், வெதுவெதுப்பான நீரும் வைப்போம். இரதம் திரும்பியதும் அவர்கள் கருவியைத் துடைத்து வைக்கப் பத்து நிமிடம் தருவோம். அதன்பின் பந்திக்கு அழைப்போம். ஆலயத்திற்குச் சொந்தமான கருவிகள் இருப்பின், அவற்றை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைப்போம். செலவு மிகச் சிறிது. பயன் மிகப் பெரிது.

விக்கிரகத்திற்கு அபிடேகம் முடிந்ததும் ஈரம் துடைத்து, அலங்காரம் செய்து, திரை விலக்குகின்றோம். இறைவன் திருப்புகழை ஒலிக்கும் குழலையும் அவ்வாறே துடைத்து வைப்பது வழிபாட்டின் ஓர் அங்கமே எனக் கொள்வோம். ஓராண்டுக் காலம் நிழலில் காத்திருந்து குழல் செய்த முன்னோரின் பிள்ளைகள் நாம். பத்து நிமிடம் காத்திருக்க நம்மால் இயலாதா?

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இம்மலையில் மங்கல இசை என்றும் ஓங்கி ஒலிப்பதாக. அன்பர் அனைவரும் எல்லா நலன்களும் பெற்று வாழ்க! வளர்க!